நீ கேட்ட கத்தியும் நான் அனுப்பும் கம்பும்

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. நலமாக இருப்பதாக எழுதியிருக்கிறாய், நம்புகிறேன். நானும் நலம் என்று எழுதுகிறேன், நீயும் நம்பிக்கொள். கொட்டகலையில் மழை விட்டபாடில்லை. ஆணிப் பெட்டிகளுக்கெல்லாம் எண்ணெய் பூசி வைத்தும் துரு ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. காலையில் கடையைத் திறந்ததும் பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிவிடுகிறேன். அப்புறம் யாரிடமும் சொல்லாமல் இரண்டையும் நானே குடித்துவிடுகிறேன். உன் அம்மா கண்ணை மூடிய பிறகு நீ இருந்தாய். நீ உத்தியோகத்துக்குப் போன பிறகுதான் இந்தக் கடைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறைகளும் இவ்வளவு பெரியவை என்று தெரிந்தது. இதை உன்னை வருத்தப்படுத்த எழுதவில்லை. கேட்க ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

இறக்குவானைப் பக்கம் நீ கிளாக்கர் வேலை பார்க்கும் தோட்டம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நீ எழுதியதை வைத்து மனதில் கட்டிப் பார்க்கிறேன். தொழிலாளர் லயங்களிலிருந்து தள்ளி, ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒற்றையாக உன் குவாட்டர்ஸ். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நம் தமிழ் ஆட்கள் யாரும் இல்லை. சந்தியில் இருந்த நம்மவர் கடைக்குப் போன மாதம் கல்லெறிந்திருக்கிறார்கள். அடுத்த வாரம் செல்வியும் உன்னிடம் வந்து சேரப் போகிறாள். கல்யாணமாகி முதல் முதலாகக் குடித்தனம் வைக்கிற பெண்ணை அப்படி ஓர் இடத்துக்கு அழைத்துக்கொள்ளும்போது உனக்கு நெஞ்சு அடித்துக்கொள்வது சரிதான். ஆபத்து என்றால் தூக்கிக்கொண்டு கிளம்ப ஒரு டிரங்குப் பெட்டி தயார் செய்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். உடைந்த அரிசி, கருப்பட்டி, தீப்பெட்டி, டோர்ச், மருந்து, இரண்டு கம்பளி, பிறப்புச் சான்று எல்லாம் அதில் இருக்கின்றன. ஒன்றுதான் குறைகிறது என்கிறாய். "அந்தக் கலவர வருஷம் கடைக்கு வந்தவங்கள நீங்க வெரட்டுனீங்களே அப்பா, அந்தக் கத்திய அனுப்புங்க" என்று கேட்டிருக்கிறாய்.

அந்தக் கத்தி இப்போது குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் கிடக்கிறது. உன் அம்மா அதை விறகு பிளக்கவும் சந்தையில் வாங்கும் பலாப்பழம் வெட்டவும் எடுத்துக்கொண்டாள். பலாப் பாலும் புகையும் ஏறி, வாய் மழுங்கி, பார்க்கவே பாவமாக இருக்கிறது. அதைக் கொண்டு நான் யாரையும் விரட்டவில்லை. முடிவெட்டும் கடையில் நீ கேட்டு வந்த கதை அது. அங்கே ஒவ்வொரு தலைக்கும் கத்தி ஒரு விரல் வளர்ந்து, கடைசியில் நான் வாள் வீசியதாகவே ஆகிவிட்டது. அப்போது நீ அட்டனில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். விடுமுறைக்கு வந்து, கண் விரிய அந்தக் கதையை நீயே எனக்குச் சொன்னாய். உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மகன் தன்னை வீரன் என்று நினைப்பதை எந்தத் தகப்பன்தான் உடனே மறுப்பான்? ஆனால் இப்போது நீ செல்வியின் உயிரை அந்தக் கதையின் மேல் வைக்கப் பார்க்கிறாய். அதனால் நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். அவசரப்படாமல் படி.

முதலில் கடைக்காரனாகப் பேசுகிறேன். நான் இரும்பு விற்கிறவன், எந்த இரும்பு எதற்கு ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த வருஷம் கீழே பட்டணங்களில் கடைகள் எரிகின்றன என்று ரயிலில் வந்தவர்கள் சொல்லத் தொடங்கியதும், நம் கடைக்குக் கூட்டம் வந்தது. வந்தவர்கள் யாரும் கத்தி வேண்டும் என்று சொல்லவில்லை. "பலாமரம் ஒண்ணு வெட்டணுங்க" என்பார்கள். கொட்டகலைக் குளிரில் எங்கேயடா பலாமரம்? சிங்களவரும் வந்தார்கள், அவர்களுக்கும் திடீரென்று வெட்ட மரம் இருந்தது. ஒருவர் வாசலை விட்டு இறங்கும்போது மற்றவர் ஏறுவார், ஒருவர் கையிலிருக்கும் பொட்டலத்தை மற்றவர் பார்க்காத மாதிரி போவார். இரண்டு மூன்று நாள் விற்றேன். அப்புறம் மிச்சமிருந்த நீளக் கத்திகளை மூட்டையாகக் கட்டிப் பரணில் போட்டுவிட்டு, சரக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். ஒன்றை மட்டும் எனக்கென்று எடுத்துச் சாணை பிடித்துக் கல்லாவுக்குக் கீழே வைத்துக்கொண்டேன். மற்றவனுக்கு ஆகாதது எனக்கு ஆகும் என்று நினைத்த புத்திசாலி நான்.

அந்தக் கத்தியோடு பழகிக்கொள்ளலாம் என்று கடைக்குப் பின்பக்கம் போய் வீசிப் பார்த்தேன். முதல் வீச்சில் துணிக் கொடி அறுந்தது. உன் அம்மாவின் கத்தரிப்பூக் கலர் சேலை சேற்றில் விழுந்தது. இரண்டாவது வீச்சு சுவரில் பட்டு என் முழங்காலைத் தேடி வந்தது. அவள் சேலையை எடுத்துப் பிழிந்துகொண்டே, "வர்றவன் வர்றதுக்குள்ள வீட்டுல இருக்கிறவங்கள முடிச்சிருவீங்க போல இருக்கே" என்றாள். அவள் தன் பங்குக்கு மிளகாய்த்தூளை நம்பினாள். ஒரு பொட்டலம் மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். நம் ஊர் ஈரத்தில் அது கொஞ்ச நாளில் கட்டி தட்டிப் போனது. சரி, புதிதாக ஒன்று மடிப்போம் என்று மடித்து, எப்படிப் பறக்கிறது என்று பார்க்கக் காற்றில் ஒரு பிடி போட்டாள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று இரண்டு பேரும் பார்க்கவில்லை. அன்று பொழுது முழுக்கத் தலையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எங்களைப் பார்த்த பூனை இரண்டு நாள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

மற்ற சாமான்களையும் மனதுக்குள் ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்த்திருக்கிறேன். அலவாங்கு பாறையைப் பெயர்க்கும். அதை நீ தூக்கி ஓங்குவதற்குள் எதிரில் இருப்பவன் வெற்றிலை போட்டுத் துப்பிவிடுவான். மண்வெட்டி அறைக்குள் திரும்பாது. கவ்வாத்துக் கத்தி தேயிலைச் செடியைத் தன் பக்கம் இழுத்து வெட்டுவதற்காக வளைத்தது. பழகாத கையில் அது உன் தொடையைத்தான் வெட்டும். நேரான கத்தியின் சங்கதி வேறு. அது பட வேண்டுமானால் அவன் மூச்சு உன் முகத்தில் படும் தூரத்துக்கு நீ போக வேண்டும். போனால் அவன் உன் கையைப் பிடிப்பான், பிடித்தால் கத்தி அவனுடையது. உன் கையிலேயே இருந்தாலும் அதற்குத் தெரிந்தது ஒரே வேலை. பயமுறுத்துவதற்கென்று எடுத்த கத்தி பயமுறுத்துவதோடு நிற்காது. அதோடு, ஓடுகிற நேரத்தில் பொலிஸ் பஸ்ஸை நிறுத்திப் பெட்டியைத் திறந்தால், கம்பளிக்கு அடியில் கிடக்கும் கத்திக்கு நீ என்ன பதில் சொல்வாய்? நம்மிடம் பலாமரம் வெட்ட வாங்கிப் போன ஒருவர் அப்படித்தான் மாட்டிக்கொண்டார். அவர் பயந்துபோய் வாங்கினார் என்பது எனக்குத் தெரியும். பொலிசுக்கு எப்படித் தெரியும்?

இனி அன்றைய கதை. கலவரம் அடங்கிச் சில மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் பயம் அடங்கவில்லை. லொறி நின்றால் தலை திரும்பும், யாராவது ஓடினால் கதவு சாத்தப்படும். ஆயுத பூசை வந்தது. நம் கடையில் அது எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியும். விற்கிற சாமான், புழங்குகிற சாமான் என்று வித்தியாசம் கிடையாது. தராசு, படி, கத்தரி, சுத்தியல், அரிவாள்மணை, கல்லாவுக்குக் கீழே இருந்த என் கத்தி உட்பட எல்லாவற்றையும் துடைத்து, படத்துக்கு முன்னால் பலகையில் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்தாள் உன் அம்மா. வைத்துவிட்டால் மறுநாள் காலைப் பூசை முடியும் வரை எதையும் தொடக் கூடாது. அன்றைக்கு அவள் ஒரு வெங்காயம் கூட நறுக்க மாட்டாள், காலையிலேயே எல்லாம் சமைத்து வைத்துவிடுவாள். கடையில் நல்ல பொரி வாசமும் பழ வாசமும். வெளியே மழை. தகரக் கூரையில் விழுகிற மழைச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கூடக் கேட்கவில்லை.

பொழுது சாய்கிற நேரம். கடையை அடைக்கும் முன்பக்கத்துப் பலகைகளில் பாதியைப் போட்டுவிட்டேன். அப்போது கள்ளுத் தவறணைப் பக்கம் ஒரு லொறி வந்து நின்றது. கூச்சல் கேட்டது. தையல்கடைக் கண்ணாடி உடைந்த சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. லாம்பைத் தணித்துவிட்டு உள்ளே ஓடி வந்தேன். அதே நேரத்தில் பின்கதவை யாரோ இடிக்கிறார்கள். கையால் அல்ல, தோளால். தாழ்ப்பாள் ஆடுகிறது. முன்னாலும் ஆள், பின்னாலும் ஆள் என்றால் நாம் நடுவில் எலி மாதிரி மாட்டிக்கொண்டோம் என்றுதான் நினைத்தேன். படத்துக்கு முன்னால் இருந்த என் கத்தியை எடுக்கப் பாய்ந்தேன்.

உன் அம்மா குறுக்கே வந்து நின்றாள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, பலகைக்கும் எனக்கும் நடுவில். "சாமிக்கு வெச்சதுங்க. எடுக்கப்படாது" என்றாள்.

"ஏ புள்ள, கதவ ஒடைக்கிறானுங்க! தள்ளு!"

"ஒடைக்கட்டும். தொட்டீங்கன்னா வீடு வெளங்காது. நான் விடமாட்டேன்."

அவளைத் தள்ளியிருக்கலாம். தள்ளுவதற்குக் கையும் தூக்கினேன். அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. அவளுக்குப் பயம் இல்லை என்று நினைக்காதே, பல் தந்தியடித்தது. ஆனாலும் நகரவில்லை. அப்போதே அவள் கண் கடைப் பக்கம் போயிற்று. "அந்தா, கம்பு இருக்கே! அத எடுங்க!" என்றாள்.

எந்தக் கம்பு என்று உனக்குத் தெரியும். மேலே கொக்கிகளில் தொங்கும் வாளிகளையும் லாந்தர்களையும் மாட்டவும் இறக்கவும் வைத்திருக்கிறோமே, அந்தக் கவைக் கம்பு. பழைய காப்பி மரத்தில் வெட்டியது, நுனியில் இயற்கையாகவே இரண்டாகப் பிரிந்தது. கடை தொடங்கிய நாளிலிருந்து காலை முதல் இரவு வரை கையில் இருப்பது அதுதான். ஆனால் இரும்பு இல்லை என்பதாலோ, எப்போதும் மூலையில் நிற்பதாலோ, பூசைக்கு அதை எடுத்து வைக்கவும் ஒரு பொட்டு வைக்கவும் எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. இத்தனை வருஷம் எங்களுக்குச் சோறு போட்ட சாமான்களில் அதை மட்டும் மறந்திருந்தோம். மறந்ததால்தான் அன்று தொடக் கூடிய ஒரே பொருளாக அது மூலையில் நின்றது.

அதை எடுத்தேன். தாழ்ப்பாள் பிய்ந்து கதவு திறந்தது. மழையோடும் மூடுபனியோடும் ஒரு பெரிய உருவம் உள்ளே விழுந்தது, கையில் ஈட்டி மாதிரி ஏதோ நீளமாக. நான் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் கம்பை முன்னால் தள்ளினேன். கவை அந்த உருவத்தின் கழுத்தை இரண்டு பக்கமும் அணைத்துச் சுவரோடு சேர்த்து அழுத்திவிட்டது. நான் விடவில்லை. உருவம் மூச்சுத் திணறிக்கொண்டே, "முதலாளி, மம! மம! நான் தான்!" என்றது.

பக்கத்து பேக்கரிக்காரர் பியதாச பாஸ். கையில் இருந்தது ஈட்டி இல்லை, அடுப்புக்குள் பாண் தள்ளுகிற நீளத் துடுப்பு. லொறியில் வந்தவர்கள் நம் கடையைக் காட்டிப் பேசியதைத் தவறணை வாசலில் கேட்டிருக்கிறார். கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நம்மோடு நிற்க ஓடி வந்திருக்கிறார். கூப்பிட்டுக்கொண்டேதான் வந்தாராம், கூரைச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை, திறக்காததால்தான் இடித்திருக்கிறார். அவர் தாடைக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறதே, அடுப்பில் சுட்டது என்று உன்னிடம் சொல்வாரே, அது கவையின் ஒரு முனை கிழித்தது. இரத்தம் வழிந்தது. உன் அம்மா "ஐயோ, நம்ம பாஸுங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சாமிக்கு வைத்ததைத் தொடக் கூடாது என்று சற்று முன்னால் மல்லுக்கு நின்றவள், பூசைத் தட்டில் இருந்த மஞ்சளையும் சந்தனத்தையும் வழித்து அவர் காயத்தில் அப்பினாள். அதற்குச் சாமி கோபிக்காது என்று அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தம்பி, என் கையில் கத்தி இருந்திருந்தால் அந்த மனிதர் அன்றைக்கே போயிருப்பார். நான் கண்ணை மூடிக்கொண்டுதானே குத்தினேன்? நமக்காக ஓடி வந்த ஒரே ஆளை நம் வாசலிலேயே கொன்றுவிட்டு, அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் நான் என்ன சொல்லியிருப்பேன்? ஒரு தமிழன் கடைக்குள் ஒரு சிங்களவர் வெட்டுப்பட்டுக் கிடந்தால் மறுநாள் கொட்டகலைக் கடைத்தெருவில் நம்மவர் கடை ஏதாவது மிஞ்சியிருக்குமா? பாஸ்தான் என்னைத் தூக்கிவிட்டார். "முதலாளி பின்னால நல்லா குத்துறீங்க. இப்ப முன்னால வாங்க, அங்கயும் ஆள் வருது" என்றார்.

முன்னால் போனோம். பலகை போடாத அந்தப் பாதி வாசலில் இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி நின்றோம். நான் கம்பு, அவர் துடுப்பு. வந்தவர்கள் நாலைந்து பேர், நல்ல குடிவெறி. ஒருவன் படியில் ஏறினான். நான் கவையை அவன் நெஞ்சில் வைத்தேன், குத்தவில்லை, வைத்தேன், அவ்வளவுதான். அவன் கையை எவ்வளவு நீட்டினாலும் அது என்னை எட்டவில்லை. பாஸ் சிங்களத்தில் அவனுடைய ஊரைக் கேட்டார், அப்பா பெயரைக் கேட்டார், இப்படி ஆடுவது அவன் அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டார். அவன் ஆத்திரத்தில் கம்பைப் பிடித்து இழுத்தான். நான் சட்டென்று விட்டுக்கொடுத்தேன். ஈரப் படியில் வழுக்கி, பின்பக்கமாகச் சேற்றில் உட்கார்ந்தான். அவனோடு வந்தவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒருவன் சிரிக்க, எல்லோரும் சிரிக்க, அவனையும் தூக்கிக்கொண்டு லொறிக்குப் போனார்கள். போகும்போது ஒரு கல் வந்து நம் பெயர்ப்பலகையில் பட்டது. நம் கடைக்கு அன்று வந்த சேதம் அவ்வளவுதான்.

அந்தச் சிரிப்பை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். ஒரு சொட்டு இரத்தம் அவன் மேல் வந்திருந்தால் அவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது, எங்களை உயிரோடு விட்டிருக்கவும் மாட்டார்கள். அவர்கள் மானத்தோடு திரும்பிப் போவதற்கு அந்தக் கம்பு ஒரு வழி விட்டிருந்தது. நீ பெட்டியில் எதை வைத்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார். உன்னிடம் வந்தவன் திரும்பிப் போவதற்கு அது வழி விடுமா? ஆள் தெரியாமல் தவறிப் பட்டுவிட்டால் மறுநாள் மன்னிப்புக் கேட்க அவர் இருப்பாரா? வீட்டில் பலம் குறைந்தவருக்கும் அது தூக்க முடிந்ததாக இருக்குமா? நீ விடியலில் ஆள் கணக்கெடுக்கப் பெரட்டுக்குப் போன பிறகு அந்தக் குவாட்டர்ஸில் தனியாக இருக்கப் போவது செல்வி. உன் கைக்குப் பார்த்து ஆயுதம் தேடாதே, அவள் கைக்குப் பார்த்துத் தேடு.

அதனால் கத்தி அனுப்பவில்லை, கம்பைத்தான் அனுப்புகிறேன். புதிதாக ஒன்று வெட்டித் தரலாம் என்று பார்த்தேன். இப்போது கிடைப்பது எல்லாம் பச்சை மரம், காய்ந்தால் வெடித்துவிடும். இது நம் கை எண்ணெய் ஏறியது, உன் அம்மாவின் கையும் பட்டது. செல்வியை அவள் அண்ணன் பூண்டுலோயாவிலிருந்து அழைத்துக்கொண்டு வருகிறார், இரண்டு பேரும் இங்கே ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுத்தான் ரயில் ஏறப் போகிறார்கள். இந்தக் கடிதத்தையும் கம்பையும் அவள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். ரயிலில் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். புதுக் குடித்தனம், துணி காயப்போடக் கம்பு என்று நினைப்பார்கள். அப்படியே துணியும் காயப்போடுங்கள். தண்ணீரின் ஆழம் பார்க்கவும், பாம்பை ஒதுக்கவும், ஓட வேண்டி வந்தால் பெட்டியை மாட்டித் தோளுக்குத் தோள் சுமக்கவும் அது உதவும். அறைக்குள் அதை வீசாதே, இரண்டு கையாலும் பிடித்து முன்னால் தள்ளு, அது போதும். கதவுக்கு நேரே நிற்காதே, பக்கவாட்டில் நில். எல்லாவற்றுக்கும் முன்னால், நான் செய்யத் தவறியதை நீ செய். "யாரு?" என்று ஒருமுறை சத்தமாகக் கேள், சிங்களத்திலும் கேள். பதில் கேட்கும்படி காதைக் கொடு.

இன்னொன்று. உன் கடிதத்தில் அரிசி, டோர்ச், மருந்து எல்லாம் எழுதினாய். அக்கம்பக்கத்தில் ஒரு மனிதரின் பெயர் கூட எழுதவில்லை. சந்தியில் யாராவது பாண் போடுவார்கள், யாராவது பால் கறப்பார்கள். போய்ப் பேசு. செல்வியையும் கூட்டிக்கொண்டு போ. பெட்டிக்குள் வைக்க முடியாத சாமான் அது ஒன்றுதான். அன்று எனக்குக் கம்பு மட்டும் இருந்து, பக்கத்தில் துடுப்போடு ஒரு தோள் இல்லாமல் இருந்திருந்தால், நான் வாசலுக்கே போயிருக்க மாட்டேன், கட்டிலுக்கு அடியில் கிடந்திருப்பேன். பாஸ் இப்போது பேக்கரியைக் கொடுத்துவிட்டுக் கேகாலைப் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று எழுதினேன் அல்லவா? போகிற அன்று கடைசியாகச் சுட்ட பாணில் ஒன்றைக் கொண்டுவந்து கல்லாவில் வைத்தார். தாடையைத் தடவிக் காட்டிச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். இப்போதெல்லாம் விடியற்காலையில் பாண் வாசம் வருவதில்லை. வந்துகொண்டிருந்தபோது அது இருந்ததே தெரியவில்லை. வராமல் போனதும்தான் நன்றாகத் தெரிகிறது.

அந்த வருஷத்துக்குப் பிறகு உன் அம்மா ஆயுத பூசைக்கு முதல் பொட்டை அந்தக் கம்புக்குத்தான் வைப்பாள். ஆனால் பலகையில் படுக்க வைக்க மாட்டாள். மூலையில் நின்றபடியே வைப்பாள், "இது நிக்கட்டும், தேவப்படும்" என்பாள். இந்த வருஷம் பூசையை நான் தனியாகச் செய்தேன். எல்லாவற்றையும் துடைத்து அடுக்கினேன். சந்தனம் குழைத்தால் அவள் குழைத்த மாதிரி வரவில்லை, தண்ணீராகப் போயிற்று. கம்புக்குப் பொட்டு வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலை வரை எதையும் தொடக் கூடாது என்பதால் செய்வதற்கு வேலையும் இல்லை, பேசுவதற்கு ஆளும் இல்லை. அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அழுதேன். பொட்டு இன்னும் அழியாமல் இருக்கிறது. அதைத் துடைத்துவிட வேண்டாம் என்று செல்வியிடம் சொல்.

கம்பு இல்லாமல் கடைக்கு என்ன செய்வேன் என்று நீ கேட்பாய். வாளிகளையெல்லாம் இறக்கித் தரையில் அடுக்கிவிட்டேன், வருகிறவர்கள் குனிந்து எடுத்துக்கொள்ளட்டும். மேல் வரிசையில் கோடிக் கொக்கியில் ஓர் அரிக்கன் லாந்தரை மட்டும் இறக்காமல் விட்டிருக்கிறேன். ஸ்டூல் போட்டு ஏறினால் எட்டும். ஏற மாட்டேன். நேற்று ஒருவர் அதைத்தான் வேண்டும் என்று கேட்டார். என் மகன் வந்துதான் இறக்க வேண்டும், அதற்குரிய கம்பு இனி அவனுடையது என்று சொல்லிவிட்டேன். எப்போது வருவார் என்று கேட்டார். பொங்கலுக்கு என்று நானாகவே சொல்லிவிட்டேன். என்னைப் பொய்யனாக்கிவிடாதே. இரண்டு பேரும் வாருங்கள், கம்பையும் கொண்டு வாருங்கள்.

அப்பா